மௌத்துக்குப் பிந்திய ஒப்பம்

என் தங்கையின் கணவர் மௌத்தாகி இரண்டு மாதம் கழிந்திருந்த ஒரு பின்னேரம், என் போன் திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. மருதமுனைக் கடற்கரை வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பின்னேரத் தொழுகையான அசர் தொழுதுவிட்டு வந்தவர்கள் பள்ளி வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். பச்சைப் புள்ளி எரிந்தால் அந்த ஆள் இணைப்பில் இருக்கிறார் என்று அர்த்தம். அந்த ஆளைக் கபுறுக் குழிக்குள் இறக்கிய கைகளில் இரண்டு என்னுடையவை.

கொஞ்ச நேரத்தில் புள்ளி அணைந்தது. போனுக்கு என்ன கேடு வந்ததோ என்று ஏசிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். மறுநாளும் அசருக்குப் பிறகு எரிந்தது. அதற்கடுத்த நாளும் எரிந்தது. அன்றைக்கு இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

விளங்கும்படி சொல்லிவிடுகிறேன். நாங்கள் மூன்று பேர். மச்சான் பாடசாலையில் கணிதம் படிப்பித்தார். நான் வீட்டிலிருந்து வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறவன். மூன்றாமவன், பள்ளிக்கூட நாளிலிருந்தே எங்கள் இரண்டு பேருக்கும் கூட்டாளி, கல்முனைப் பிரதான வீதியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். மூவரும் சேர்ந்து செய்த ஒரு வேலைக்குக் கூலி பிட்கொயினாக வந்தது. அதை எடுக்கவும் அனுப்பவும் ஒரு சாவி வேண்டும். சாவி என்றால் இரும்பு இல்லை, ஒரு பெரிய இரகசிய எண். அதை வைத்துக் கணினி போடுகிற கையெழுத்துதான் ஒப்பம்.

அந்தச் சாவியை யாரிடம் வைப்பது என்று நாங்கள் இரண்டு பேரும் தலையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தபோது மச்சான்தான் வழி சொன்னார். முழுச் சாவி என்று ஒன்று எங்கேயும் இருக்காது. பிறக்கும்போதே மூன்று துண்டாகத்தான் பிறக்கும். ஆளுக்கொரு துண்டு, அவரவர் போனுக்குள். எந்த இரண்டு துண்டும் ஒன்றோடொன்று கதைத்துக் கணக்குப் பார்த்தால் ஓர் ஒப்பம் விழும். கதைக்கும்போதுகூட ஒன்று தன்னை மற்றதற்குக் காட்டாது. வெளியில் இருப்பவனுக்கு அது ஒரே ஆள் வைத்த ஒப்பம் போலத்தான் தெரியும்.

"ஒருத்தன் களவெடுக்க நெனச்சாலும் ஏலா. ஒருத்தன் மௌத்தானாலும் மத்த ரெண்டு பேரும் எடுக்கலாம்," என்று சொல்லிவிட்டு மச்சான் சிரித்தார். அவருக்கு எதிலும் ஒரு சிரிப்பு.

ஒப்பத்துக்கான கணக்கை, பலரும் பாவிக்கிற ஓர் இலவச மென்பொருளிலிருந்து எடுத்தோம். திரை, பெயர்கள், பச்சைப் புள்ளி எல்லாம் மச்சான் எழுதியவை. யாருடைய துண்டு பதில் சொன்னது என்று அது காட்டும். யாருடைய துண்டு கேட்டது என்று காட்டாது. எங்களுக்குள் யார் கேட்டால் என்ன என்று விட்டுவிட்டோம். இன்னொன்று, வகுப்பில் நிற்கும்போது போன் அலறுவது மச்சானுக்குப் பிடிக்காது. அதனால் மிகச் சின்னத் தொகைக்கு ஒப்பம் கேட்டால் அவரை எழுப்பாமல் போனே பதில் சொல்லும்படி எழுதி வைத்திருந்தார்.

இப்படி ஓர் ஏற்பாட்டில் ஒருவர் மௌத்தானால் முதல் வேலையாக மற்றவர்கள் சேர்ந்து புதுச் சாவி செய்து, எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, பழைய துண்டுகளைச் செல்லாததாக்க வேண்டும். நாங்கள் செய்யவில்லை. தங்கை இத்தா இருந்தாள். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் முகத்தில் விழிக்காமல் வீட்டோடு இருக்கிற காலம். புதுச் சாவி செய்தால் மச்சானின் பங்கு யார் பெயரில், யார் கையில் என்ற கதை வரும். இத்தா வீட்டில் மௌத்தானவரின் சாமான், பங்கு என்று வாயைத் திறந்தால் எங்கள் ஊரில் காறித் துப்புவார்கள். மார்க்கத்தில் அப்படி ஒரு தடையும் இல்லை. ஊரில் இருக்கிறது.

"இத்தா முடியட்டும்டா," என்றான் கூட்டாளி.

"ஓம், முடியட்டும்," என்றேன்.

கணினிக்கு இத்தா தெரியாது என்பது இரண்டு படித்த மடையர்களுக்கும் தோன்றவே இல்லை.

புள்ளியைப் பற்றி நான் அவனிடம் சொல்லவில்லை. அவனே போன் எடுத்துக் கேட்டான்.

"ஓய், நீ பாத்தியா? மச்சான் ஒன்லைன்ல நிக்காருடா."

"பாத்தன்," என்றேன்.

"புள்ளி மட்டுமில்ல. நல்லாப் பாரு. ஒப்பமும் வெக்கப் பாக்காரு. பெயில் பெயில் எண்டு விழுது."

பார்த்தேன். மச்சானின் பெயருக்குக் கீழே, 'நிறைவேறவில்லை' என்ற சிவப்பு எழுத்து ஒன்றன் கீழ் ஒன்றாக, இறங்க இறங்க முடியாமல் கிடந்தது. எல்லாம் அசருக்கும், பொழுதுபடத் தொழுகிற மஃரிபுக்கும் இடையில் விழுந்தவை. மௌத்தானவர் திரும்பத் திரும்ப ஒப்பம் வைக்கப் பார்த்து, ஏலாமல் விடுவது போல இருந்தது. காவலுக்கு ஓதுகிற ஆயத்துல் குர்ஸியை ஓதி நெஞ்சில் ஊதிக்கொண்டேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

"ஒரு கத கேக்கன், கோவிக்காத," என்றான் கூட்டாளி. "போன் தங்கச்சிக்கிட்டதானே இரிக்கி?"

"ஓம். அதுக்கென்ன?"

"அவவுக்கு இந்த வேல தெரியாது. தெரிஞ்ச ஆரோ பக்கத்துல இருந்து காட்டிக் குடுக்கான். அசருக்குப் பொறகு வாறான் போல."

நான் மூக்குக்கு மேல் கோபம் வருகிறவன் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "நாக்க அடக்கிக் கதடா! இத்தாவுல இரிக்கிற பொம்புளய என்ன கத கதைக்காய்? உன்ட தங்கச்சிண்டா இப்பிடிச் சொல்லுவியா?" அவன் ஏதோ சொல்ல வந்தான். நான் போனை வெட்டிவிட்டேன்.

அவன் அதை வீட்டில் போய் மனைவியிடம் சொன்னான். அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்? வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து நான் சோற்றில் கை வைப்பதற்குள், மச்சானின் உம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்.

"மகன், இத்தா வூட்டுக்குள்ள அசருக்குப் பொறகு ஒருத்தன் வந்து போறானாமே. மெய்யா? என்ட புள்ளட கபுறு மண் இன்னம் காயல்லயே மகன்."

"ஆர் மாமி சொன்ன?"

"ஊரே சொல்லுது."

என் தங்கைக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இப்படியொரு சொல் எழுந்துவிட்டால் அது அவளோடு நிற்காது. பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நாளில் யாராவது ஒருத்தி வாயைக் கோணிக்கொண்டு, "உம்மா இத்தாவுல இருக்கக்குள்ள…" என்று தொடங்குவாள். பிட்கொயின் எந்த நாசத்துக்கும் போகட்டும், இந்தப் பெயரைத் துடைக்காமல் நான் நித்திரை கொள்ளப் போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அசர் தொழுத கையோடு தங்கை வீட்டுக்குப் போனேன். நான் அவள் கூடப் பிறந்த அண்ணன், காக்கா, எனக்குத் தடை இல்லை. வீதியால் போகிறவர்கள் கண்ணில் படாதிருக்க ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் சீலை போட்டிருந்தார்கள். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. உள்ளே மசமசவென்று இருந்தது. கடல் காற்றுக்குச் சீலைகள் உள்ளே வீங்கி வருவதும், யாரோ இழுத்தது போல மறுபடி ஜன்னலோடு ஒட்டுவதுமாக இருந்தன. தங்கை வெள்ளை உடுத்துக் கட்டிலில் இருந்தாள்.

நான் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாதவன். "மச்சான்ர போன நீ என்ன செய்றாய்?" என்றேன்.

அவள் முகம் கறுத்துவிட்டது. "காக்கா, நீங்களுமா?"

"சொல்லு புள்ள. ஊர்ல கத வேற மாதிரிப் போகுது."

"தெரியும். மாமி வந்து கேட்டுட்டுத்தான் போன." அலுமாரிப் பக்கம் கையைக் காட்டினாள். "ஒரு நாளைக்கு ஒருக்காத்தான் போன ஓன் பண்ணுவன். அவர்ர சத்தம் அதுக்குள்ள இரிக்கி. கேட்டுட்டு ஓஃப் பண்ணி வெச்சிருவன். இது குத்தமா?"

"குத்தமில்ல. இப்ப போடு, நானும் கேக்கன்."

அலுமாரியிலிருந்து போனை எடுத்து முடுக்கிக் கட்டிலில் வைத்தாள். வீட்டு வைஃபையில் அது தானாக இணைந்தது. ஒரு பதிவைத் தொட்டுவிட்டுக் கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள். மச்சான் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காக வீட்டிலிருந்து பதிந்த பாடம் அது. "பிள்ளைகள், இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கத்துக்குப் போகும்போது குறி மாறும். மறக்கக் கூடாது. குறி மாறும்." அந்த இருட்டு அறைக்குள் அவர் குரல் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. பாடத்தின் நடுவில் அவர் முகத்தைத் திருப்பிக் கேட்டார்: "புள்ள, தேத்தண்ணி ஊத்திட்டியா?"

பதிவுக்குள் தூரத்திலிருந்து தங்கையின் பழைய குரல், "ஓம், ஊத்திட்டன்," என்றது. கட்டிலில் இருந்த தங்கையும் உதட்டை அசைத்து அதே நேரத்தில் அதையே சொன்னாள். அவளுக்கு அது தெரிந்ததோ தெரியவில்லை. நான் அழுதுவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் போனைப் பார்த்தேன். பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. மச்சான் பேசப் பேச, அவர் பெயருக்குக் கீழே 'நிறைவேறவில்லை' விழுந்தது. திரும்ப விழுந்தது. திரும்ப. தங்கையின் கைகள் மடியில்தான் இருந்தன. அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. என் போனின் இணைப்பை வெட்டி, வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பக்கத்து வீட்டு வேலி நிழல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்ப இணைத்துப் பார்த்தபோது புதிதாகச் சிவப்பு எழுத்து விழுந்திருந்தது. அப்படியென்றால் கேட்பது என் துண்டு இல்லை.

அன்றைக்கு நான் பாடத்தின் பதிவைத் தங்கையின் போனுக்கு மாற்றிக் கொடுத்தேன். மச்சானின் போனை நிறுத்தி என் சட்டைப் பைக்குள் போட்டேன். அதைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கொடுத்த பிறகும் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, ஒப்பக் கணக்கின் அந்த மென்பொருளைத் துருவினேன். நாங்கள் எடுத்திருந்தது பழையது. அதில் ஒரு குறை இருந்ததாகவும், திருத்தியாகிவிட்டது, எல்லாரும் புதியதுக்கு மாறுங்கள் என்றும் எழுதிப் போட்டிருந்தார்கள். மாறுவதற்கு எங்களில் யாருக்கு நேரம் இருந்தது? குறை என்னவென்று வாசித்தேன். ஒரு துண்டை வைத்திருப்பவன் வேண்டுமென்றே கோணலான ஒரு கேள்வியை அடுத்த துண்டிடம் அனுப்பலாம். அந்தத் துண்டின் எண்ணில் ஓர் இடத்தில் இருப்பது ஒன்றா பூச்சியமா என்பதைப் பொறுத்து ஒப்பம் சரிவரும், அல்லது பிழையாகிப் போகும். சரிவந்தாலும் பிழையானாலும் கேட்டவனுக்கு ஒரு விடை கிடைத்துவிடும். சரிவந்ததையும் அவன் முடிக்காமல் விட்டதால் எங்கள் திரையில் எல்லாமே சிவப்பாக விழுந்திருந்தன. மூடிய பெட்டியைத் தட்டி, உள்ளே இருப்பது ஓமா இல்லையா என்று கேட்பது போல. ஒரு தரம் பிழைத்ததுமே கதவைப் பூட்டியிருக்க வேண்டும். மச்சானின் போன் பூட்டவில்லை. சின்னத் தொகைதானே என்று, கேட்ட நேரமெல்லாம் பதில் சொன்னது. போதுமான தரம் கேட்டால் துண்டு முழுக்க வெளியே வந்துவிடும். தொட வேண்டாம், உடைக்க வேண்டாம், பக்கத்தில் வரவும் வேண்டாம்.

தங்கை அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான், ஒவ்வொரு நாளும், யாரோ அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தான்.

விடிந்ததும் கல்முனைக்குப் போய்க் கூட்டாளியின் கடைக்குள் நுழைந்தேன். அப்போதுதான் கதவைத் தூக்கியிருந்தான். ஸலாம்கூடச் சொல்லவில்லை நான்.

"கேக்கிறது என்ட துண்டு இல்ல. அப்ப உன்ட துண்டுதான்."

"என்னடா சொல்லுறாய்? நான் கள்ளனா?" அவன் முகம் சிவந்துவிட்டது.

"கள்ளன் எண்டு சொன்னனா? உன்ட போனுக்குள்ள ஆரோ இரிக்கான். ஊர்ல உள்ள போனெல்லாம் கொண்டு வந்து இந்தக் கொம்பியூட்டர்லதானே வயர் குத்துறாய். அதுலயே உன்டதையும் குத்துறாய். எந்த நரகத்துல இருந்து என்ன ஏறினதோ."

"கத விடாத. தங்கச்சியக் காப்பாத்த நீ எதுவும் சொல்லுவாய். நானும் ஒரு தங்கச்சிக்குக் காக்காதான், எனக்கும் தெரியும்."

அடித்திருப்பேன். கண்ணாடி மேசை நடுவில் இருந்தது. மச்சானின் போனை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். "நேத்து அசருக்குப் பொறகு இது என்ட பைக்குள்ள. நீயே தொறந்து பாரு."

அவன் ஒரு நல்ல வேலைக்காரன். பின்மூடியைச் சூடாக்கிக் கழற்றினான். பட்டரியின் வயரைப் பிடுங்கி, பட்டரியைத் தனியாக எடுத்து இறப்பர் விரிப்பில் வைத்தான். சிம்மையும் எடுத்தான். விளக்கின் கீழ் போன் வயிறு திறந்து கிடந்தது. "ஆரும் இதுக்குள்ள கை வெக்கல்ல," என்றான், கொஞ்சம் இறங்கிய குரலில்.

"சரி. இப்ப புதுச் சாவி செய்வம். உன்ட போன விடு, வேற புதுசு ஒண்டு எடு. கெதியா."

அவன் எழும்பி அலுமாரிக் கதவில் கை வைத்தான். அப்போது மேசையில் இருந்த எங்கள் இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன.

மச்சானின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

அது அசர் நேரம் இல்லை. மத்தியானத் தொழுகை லுஹருக்கே இன்னும் நேரம் இருந்தது. வீதியில் அக்கரைப்பற்று பஸ்ஸின் நடத்துனர் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கூட்டாளி திரையைப் பார்த்தான். பிறகு விரிப்பில் கிடந்த பட்டரியைப் பார்த்தான். அதை விரலால் தள்ளிக்கூடப் பார்த்தான்.

"இது ஆருடா?" என்றான் கிசுகிசுப்பாக.

மச்சானின் பெயருக்குக் கீழே ஓர் எழுத்து விழுந்தது. இந்த முறை சிவப்பு இல்லை. 'நிறைவேறியது.' கேட்டவனுக்கு மச்சானின் துண்டு முழுக்கக் கிடைத்துவிட்டது. பணப்பை வெறுமையாகிவிட்டது. மூன்று பேரின் உழைப்பும், கூட்டாளியின் துண்டும் மௌத்தானவரின் துண்டும் சேர்ந்து வைத்த ஒரே ஒப்பத்தில், எங்கே என்று தெரியாத ஓர் இடத்துக்குப் போய்விட்டது. அந்த ஒப்பத்தில் ஒரு பிழையும் இல்லை. உலகத்தில் எந்தக் கணினியைக் கேட்டாலும் அது எங்கள் ஒப்பம் என்றுதான் சொல்லும்.

நான், "அல்ஹம்துலில்லாஹ்," என்றேன். இறைவனுக்கு நன்றி சொல்கிற சொல், என்னை அறியாமல் வாயில் வந்தது. சத்தமாகவே வந்தது.

"விசரா உனக்கு? எல்லாம் போச்சுடா!"

"போகட்டும். மச்சான்ர போன் உன்ட கையால வயிறு கிழிஞ்சி கிடக்கு. தங்கச்சி வூட்டுல இரிக்கா. இப்ப சொல்லு, ஆரு ஒப்பம் வெச்ச?"

அவன் முக்காலியில் குந்தி, தலையில் கையை வைத்துக்கொண்டான். "நான் அவவுக்கிட்ட மாப்புக் கேக்கணும்," என்றான். "மச்சான்ர உம்மாக்கிட்டயும்."

அன்று பின்னேரமே போனோம். மச்சானின் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து முன்னறையில் இருத்தினேன். உள்ளறை வாசலில் திரை தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் தங்கை. இந்தப் பக்கம் கூட்டாளி நிலத்தைப் பார்த்தபடி நின்றான். நடந்தது எல்லாவற்றையும் நான் ஒன்று விடாமல் சொன்னேன். மாமி அழுதுகொண்டு, "என்ட மகளே, நான் என்ன வாயால கேட்டுட்டன்," என்று திரையை நோக்கிக் கையை ஏந்தினார்.

"தங்கச்சி, மாப்புத் தாங்க," என்றான் கூட்டாளி. "ஒருத்தன் வந்து போறான் எண்டு நான் சொன்னது பொய். அல்லாஹ்வுக்காக மன்னிங்க."

திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது, கோபம் இல்லாமல், எதையோ கணக்குப் பார்க்கிறவள் போல.

"காக்கா, அவர்ர துண்ட எடுத்தவன், நான் போன ஓன் பண்ணுற நேரம் பாத்துத்தானே வந்திரிக்கான்?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளும் அசருக்குப் பொறகு? நான் இந்தக் கட்டில்ல இருக்கக்குள்ள?"

"ஓம் புள்ள."

"நான் தலையில மொட்டாக்குச் சீலையும் இல்லாமத்தான் இருந்தன், ஆரும் இல்லதானே எண்டு," என்றாள் அவள். "அப்ப ஊர் சொன்னது மெய்தானே காக்கா. ஒருத்தன் வந்துதான் போயிரிக்கான்."

மாமி அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கூட்டாளியும் பார்த்தான்.